கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பம்பளிமாஸ், திராட்சை, இலும்பன் புளி: எதைக் குடிக்கலாம், எதை விட வேண்டும்

தமிழக-கேரள எல்லையில் உள்ள குமுளியில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே சொல் இரண்டு மொழியிலும் வேறு வேறு பொருள் தரும் இடங்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விடிவதற்குள் கம்பத்தில் இருந்தும் கூடலூரில் இருந்தும் ஜீப் ஜீப்பாக ஏலத்தோட்டத்துக்கு ஆட்கள் ஏறி வருகிறார்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் இங்கேயே மலையாள டாக்டரைப் பார்த்துவிட்டு, மாலையில் ஊர் திரும்பும்போது மருந்து வாங்கிப் போகிறார்கள். டாக்டர் சொன்னது ஒன்று, இவர்கள் காதில் விழுந்தது ஒன்று என்று ஆவது அடிக்கடி நடக்கிறது.

வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஓர் அக்கா வருவார். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் சாப்பிடுகிறவர். ஒரு நாள், "தொடை ரெண்டும் கல்லாக் கனக்குது தம்பி, வலி மாத்திரை குடுங்க" என்றார். மாத்திரை எடுப்பதற்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். "முந்திரி ஜூஸ் குடிக்கண்டா" என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மலையாளத்தில் குடிக்கண்டா என்றால் குடிக்க வேண்டாம், முந்திரி என்றால் திராட்சை. அக்கா அதை நம் முந்திரிப் பருப்பு என்று எடுத்துக்கொண்டு, பாயசத்தில் கிடந்ததைக்கூடப் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் நிற்கும் மரத்தில் இருந்து தினம் ஒரு பம்பளிமாஸ். கொழுப்பைக் கரைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

அவர் விலக்கியிருக்க வேண்டியது பம்பளிமாஸ்தான். அது இந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அளவு ஏறினால் தசை பாதிக்கலாம். முந்திரிப் பருப்புக்கும் இந்த மாத்திரைக்கும் சண்டை கிடையாது, திராட்சைக்கும் கிடையாது. ஆங்கில மருந்துக் குறிப்புகளில் இருப்பது பம்பளிமாசின் உறவுப் பழமான கிரேப்ஃப்ரூட்டின் பெயர். அதை மொழிபெயர்க்கப் போய்த்தான் தமிழில் திராட்சைப்பழம் என்றும் மலையாளத்தில் முந்திரிப்பழம் என்றும் ஆகிவிடுகிறது. கடை தொடங்கிய காலத்தில் நானும் இரண்டு பேரிடம் திராட்சையை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. அதனால்தான் இதை அடியில் இருந்து முடிவு வரை எழுதி வைக்கிறேன்.

முதல் படி: அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள்

"கொழுப்பு மாத்திரை" என்பது ஒரு மருந்து இல்லை, ஒரு குடும்பம். பெரும்பாலும் பெயரின் கடைசியில் ஸ்டாட்டின் என்று முடியும். கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், மருந்தின் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பொடி எழுத்து.

பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் சாற்றோடு தகராறு செய்பவை மூன்று: சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின். முதல் இரண்டில் பாதிப்பு மிக அதிகம், அட்டோர்வாஸ்டாட்டினில் நடுத்தரம். ரோசுவாஸ்டாட்டின், பிடாவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின், ஃப்ளூவாஸ்டாட்டின் ஆகியவை உடம்பில் வேறு வழியாகப் போகின்றன, அவற்றுக்கு இந்தப் பழங்களால் கவலைப்படும்படி எதுவும் ஆவதில்லை.

நம் பக்கம் டாக்டர்கள் பெரும்பாலும் அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின்தான் எழுதுகிறார்கள். சிம்வாஸ்டாட்டின் இங்கே குறைவு. ஆனால் வெளிநாட்டில் இருந்து வரும் மகனோ மருமகனோ அங்கே வாங்கிய மாத்திரையை அப்பா அம்மாவுக்குக் கொண்டு வந்து கொடுப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம். அப்படி வந்த டப்பா வீட்டில் இருந்தால் அதைத்தான் முதலில் எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பத்து மாத்திரை அட்டையில் ஐந்தை வெட்டி வாங்கும்போது பெயர் உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடும். "பேர் இருக்கிற துண்டைக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் முழு அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பழத்தைச் சரியாக அடையாளம் காணுங்கள்

கிரேப்ஃப்ரூட் நம் ஊர்ப் பழம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் உள்ள பார்படோஸ் தீவில், பம்பளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து தானாக உண்டான மரம் அது. திராட்சை போலக் கொத்தாகக் காய்ப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். இங்கே பெருநகரக் கடைகளில் இறக்குமதிப் பழமாகவும், வளைகுடாவில் இருந்து வருபவர்கள் கொண்டு வரும் அட்டைப் பெட்டிச் சாறாகவும் கண்ணில் படும்.

பம்பளிமாஸ் அந்த கிரேப்ஃப்ரூட்டுக்குத் தாய்வழி உறவு. தேங்காய் அளவு இருக்கும், தடித்த தோல், உள்ளே வெள்ளை அல்லது இளஞ்சிவப்புச் சுளை. மலையாளத்தில் கம்பிளி நாரங்ஙா என்பார்கள், சிலர் பப்ளூஸ் நாரங்ஙா என்பார்கள், ஆந்திர எல்லைப் பக்கம் பம்பர பனஸ. கிரேப்ஃப்ரூட்டில் இருக்கும் அதே வேதிப்பொருள் குடும்பம் இதிலும் இருக்கிறது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை பம்பளிமாஸ் சாறு ரத்தத்தில் ஏற்றுவதை ஆட்களை வைத்துச் செய்த சோதனையிலேயே பார்த்திருக்கிறார்கள். எல்லா மரத்துப் பழத்திலும் அந்தப் பொருள் ஒரே அளவு இருக்காது. உங்கள் வீட்டு மரம் எந்த ரகம் என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே குறிப்பில் கிரேப்ஃப்ரூட் என்று இருக்கும் இடத்தில் எல்லாம் பம்பளிமாஸ் என்றும் சேர்த்துப் படியுங்கள்.

செவில் ஆரஞ்சு என்ற கசப்பு ஆரஞ்சும் இந்தப் பட்டியலில் உண்டு. மேல்நாட்டு மார்மலேட் ஜாம் அதில்தான் செய்வார்கள். நம் நார்த்தங்காய் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கஞ்சிக்கு ஒரு துண்டு ஊறுகாய் தொட்டுக்கொள்வதை நான் தடுப்பதில்லை. டம்ளர் டம்ளராகச் சாறு பிழிந்து குடிப்பது வேறு கதை, சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

பயமில்லாமல் குடிக்கக்கூடியவை: சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, திராட்சை. ரசத்தில் பிழியும் எலுமிச்சை, வெயிலுக்குக் குடிக்கும் ஒரு நாரங்ஙா வெள்ளம் (எலுமிச்சைச் சாறு) இதெல்லாம் பிரச்சினை இல்லை. மாதுளை பற்றி ஆய்வுக்கூடத்தில் சந்தேகம் எழுந்தது உண்மை. ஆனால் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்த அளவு விளைவு தெரியவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையால் அதைத் தொடாமல் இருக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இருந்தால் அளவு பார்க்க வேண்டும், அது தனி விஷயம்.

மூன்றாம் படி: "காலையில் சாறு, ராத்திரி மாத்திரை" என்ற கணக்கை விடுங்கள்

கடையில் நான் அதிகம் கேட்கும் சமாதானம் இதுதான். இது ஏன் செல்லாது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நம் குடலின் சுவரில் ஒரு நொதி இருக்கிறது. சிஒய்பி 3ஏ4 என்று பெயர். அதை நம் குமுளி செக்போஸ்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வரும் சரக்கில் பெரும்பகுதியை அங்கேயே பிரித்து உடைத்துவிடும். அதையும் தாண்டிப் போவதைக் கல்லீரல் இன்னொரு முறை உடைக்கும். சிம்வாஸ்டாட்டின் மாத்திரையில் நூற்றில் 5 பங்குக்கும் குறைவாகத்தான் கடைசியில் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பதை இந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

கிரேப்ஃப்ரூட்டிலும் பம்பளிமாசிலும் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள் அந்த நொதியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. தற்காலிகமாக மறைத்து நிற்பது போல அல்ல, அந்த நொதி அதோடு தீர்ந்தது. செக்போஸ்ட்டில் ஆளே இல்லை. குடல் புதிதாக நொதியை உண்டாக்கும் வரை கதவு திறந்தே கிடக்கும், அதற்கு ஓரிரு நாள், சில சமயம் மூன்று நாளுக்கு மேலும்கூட ஆகும். இடையில் விழுங்கும் மாத்திரை வழக்கத்தைவிடப் பல மடங்கு உள்ளே போகும். நீங்கள் விழுங்கியது ஒரு மாத்திரைதான். உடம்புக்குள் அது மூன்று நான்கு மாத்திரை சாப்பிட்டதற்குச் சமமாக ஆகிவிடலாம்.

இது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லாமல் போக மனசில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாராயத்தின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. தேடிப் பார்த்தால் காரணம் சாராயம் இல்லை, சாறு. 1989-இல் அது அச்சில் வந்தது. அதுவரை மருந்துக்கு முன்னால் பழச்சாறு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அப்புறம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் சிம்வாஸ்டாட்டினை வைத்துச் சோதனைகள் நடந்தன. சாதாரணச் சாறு ஒரு நாளைக்கு ஒரே ஒரு டம்ளர், 200 மில்லி, மூன்று நாள். அதற்கே ரத்தத்தில் மருந்து 3.6 மடங்கு. இரண்டு மடங்கு கெட்டியான சாற்றை ஒரு நாளைக்கு மூன்று முறை கொடுத்தபோது 16 மடங்கு. சாற்றை நிறுத்தி 24 மணி நேரம் கழித்து மாத்திரை கொடுத்தும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மூன்று நாள் கழித்து 1.4 மடங்கு. ஏழாம் நாள்தான் பழைய நிலை.

இப்போது காலைச் சாற்றையும் ராத்திரி மாத்திரையையும் வைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பது 12 மணி நேரம்.

நான்காம் படி: உங்கள் மாத்திரைக்கு ஏற்ற முடிவு

சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் என்றால் கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாசும் வேண்டவே வேண்டாம். சுளை, சாறு, பெட்டிச் சாறு எதுவானாலும்.

அட்டோர்வாஸ்டாட்டினுக்கு மருந்துக் குறிப்பு சொல்வது அளவைப் பற்றி: ஒரு நாளைக்கு 1.2 லிட்டருக்கு மேல் சாறு குடிக்கக் கூடாது. கல்யாண வீட்டில் இரண்டு சுளையை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பதற வேண்டாம். ஆனால் தினமும் ஒரு முழுப் பழம் என்று வழக்கமாக வைத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். 40, 80 மில்லிகிராம் சாப்பிடுபவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஒல்லியான உடம்புக்காரர்கள், சிறுநீரகக் கோளாறோ தைராய்டு குறைவோ உள்ளவர்கள், இவர்களுக்குத் தசைப் பாதிப்பு வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். குடலில் இந்த நொதியின் அளவும் ஆளுக்கு ஆள் பெரிதாக வேறுபடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து உங்களுக்கும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது.

ரோசுவாஸ்டாட்டின் என்றால் பம்பளிமாஸ் சாப்பிடலாம். மரம் வைத்திருப்பவர்கள், அந்தப் பழத்தை விட மனமில்லாதவர்கள், "இந்தப் பழத்தோடு ஒத்துப்போகும் மாத்திரைக்கு மாற்ற முடியுமா" என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. அந்தத் தேயிலைத் தோட்டத்து அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. டாக்டர் தசை நொதி பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, மாத்திரையை ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றினார். தொடை வலி பம்பளிமாசால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், நாள் முழுக்கச் சரிவில் கொழுந்து பறிக்கிற உடம்பு அது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை யாரும் கேட்காமல் இருந்தது மட்டும் உண்மை.

எந்த நிலையிலும் பழத்துக்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். நிறுத்தக்கூடியது பழம்தான். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையை விட்டால் அதனால் வரும் ஆபத்து பம்பளிமாசால் வருவதைவிடப் பெரியது.

ஐந்தாம் படி: கூடச் சாப்பிடும் மாத்திரைகளையும் மேசையில் வையுங்கள்

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மூன்றையும் ஒரே கேப்சூலில் கொடுப்பார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல், உடம்புக்குள் போய் மாறிய பிறகுதான் வேலை செய்யும். கிரேப்ஃப்ரூட் சாறு அந்த மாற்றத்தையே குறைத்துவிடுகிறது. அதாவது ஒரே கேப்சூலில் ஒரு மருந்து கூடுகிறது, இன்னொன்று வலுவிழக்கிறது. இவர்கள் 1.2 லிட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் முழுவதுமாக விட்டுவிடுங்கள். நிஃபெடிபின், ஃபெலோடிபின், அமியோடரோன், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், கார்பமசெபின் சாப்பிடுபவர்களும் அப்படியே.

பழமே சாப்பிடாதவருக்கும் இதே பாதிப்பு வரும் வழி உண்டு. தொண்டை வலிக்குச் சீட்டு இல்லாமல் வாங்கும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல் இரண்டும் அந்த நொதியை முடக்குபவைதான். சிம்வாஸ்டாட்டினோடு இவை சேரவே கூடாது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும் "நான் கொழுப்பு மாத்திரை சாப்பிடுறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். சொன்னால் நாங்கள் கவனித்துக் கொடுப்போம்.

ஆறாம் படி: இலும்பன் புளிச் சாறு குடிக்கவே குடிக்காதீர்கள்

இது மாத்திரையோடு மோதும் பழம் இல்லை. மாத்திரைக்குப் பதிலாகச் சிலர் குடிக்கும் பழம். அதனால்தான் இங்கே சேர்க்கிறேன்.

அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய் தொங்கும், கடித்தால் பல் கூசும். மலையாளத்தில் இலும்பன் புளி, இரும்பன் புளி என்பார்கள், தமிழில் புளிச்சக்காய் என்றும் சொல்வதுண்டு. மீன்கறியில் இரண்டு காய் போட்டால் அவ்வளவு ருசி. ஆனால் அதைப் பச்சையாக அரைத்துக் கெட்டிச் சாறாகக் குடித்தால் கொழுப்பு இறங்கும் என்ற பேச்சு கேரளத்தில் பரவியது. அதில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். கெட்டிச் சாறாகப் போகும்போது அது சிறுநீரகக் குழாய்களில் படிகமாக அடைத்துக்கொள்கிறது. கேரளத்தில் ஐந்து மருத்துவமனைகளில் இப்படி வந்த 10 நோயாளிகளைப் பற்றி 2013-இல் சிறுநீரக மருத்துவர்கள் எழுதினார்கள். பத்துப் பேருக்கும் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு. அதில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்யவேண்டி வந்தது.

கொழுப்பு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு, கூடுதல் பலனுக்காக இந்தச் சாற்றையும் குடிப்பவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார். சிறுநீரகம் கெட்டால் மாத்திரையின் தசைப் பாதிப்பும் எளிதில் வரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழமும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது. கறியில் போடுவதை நான் ஒன்றும் சொல்லவில்லை. சாறாகக் குடிப்பதை விட்டுவிடுங்கள், வீட்டில் யாராவது குடித்தால் தடுங்கள்.

ஏழாம் படி: குடித்துவிட்டீர்கள், இப்போது என்ன?

ஒரு முறை ஒரு டம்ளர் பம்பளிமாஸ் சாறு போய்விட்டது என்றால் அன்றைக்கே ஏதோ ஆகிவிடாது. சாற்றை அதோடு நிறுத்துங்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவராக இருந்தால் டாக்டருக்கோ மருந்தாளருக்கோ போன் செய்து சொல்லுங்கள். அன்றிரவு மாத்திரையை என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள்.

கவனிக்க வேண்டியது தசையை. வேலைக் களைப்பில் வரும் வலி ஓய்வெடுத்தால் குறையும், பெரும்பாலும் எந்தப் பக்கம் சுமந்தோமோ அந்தப் பக்கம் இருக்கும். மருந்தால் வரும் வலி பொதுவாக இரண்டு தொடையிலும், இரண்டு தோளிலும், இடுப்பைச் சுற்றியும் சேர்ந்து வரும். உட்கார்ந்தால் எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கும், படி ஏற முடியாது. அப்படி இருந்தால் வலி மாத்திரை போட்டு மறைக்காமல் டாக்டரைப் பாருங்கள். சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் தசை சேதமாகிறதா என்று தெரிந்துவிடும்.

அந்த வலியோடு சிறுநீர் கட்டங்காபி (பால் சேர்க்காத காபி) நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள். தசை உடைந்து அதன் சிதைவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள். ராத்திரியானாலும், மலைப்பாதையானாலும், வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண் மஞ்சளானாலும் அதே நாளில் காட்ட வேண்டும்.

மலையாள டாக்டரிடம் பழத்தைப் பற்றிக் கேட்கும்போது முந்திரி என்றோ நாரங்ஙா என்றோ மொட்டையாகச் சொல்லாதீர்கள். நாரங்ஙா என்று மட்டும் சொன்னால் அவருக்கு எலுமிச்சை நினைவுக்கு வரும். "கம்பிளி நாரங்ஙா கழிக்காமோ?" என்று கேளுங்கள், கழிக்காமோ என்றால் அங்கே சாப்பிடலாமா என்று அர்த்தம். அதைவிட நல்லது, பழத்தைப் போனில் படம் எடுத்து, மாத்திரை அட்டையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள்.